சீல் மாற்றியும் ஒழுகும் லோடர் சிலிண்டர்: முதலில் தண்டைப் பாருங்கள்

உரும்பிராய்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய உழவு இயந்திரத்தின் முன்னால் பூட்டிய, பக்கெட்டால் மண் அள்ளித் தூக்கும் லோடரில் வலப்பக்கத் தூக்கும் சிலிண்டர் ஒயில் ஒழுகியது. கராஜில் கொடுத்து, ஒயிலை உள்ளே அடைத்து வைக்கும் வளையமான சீலை மாற்றினார். மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகியது. வேறொரு கராஜில் மாற்றினார். அது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது மாலையில் தூக்கி விட்ட பக்கெட் காலையில் நிலத்தில் கிடக்கிறது. எந்த நாட்டுச் சீல் நல்லது, அல்லது புதுச் சிலிண்டரே வாங்கிவிடலாமா என்று கேள்வியை முடிக்கிறார். அவர் அறிய விரும்புவது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு சீல் அடுத்தடுத்துப் போனது ஏன்? அதற்கு விடை தெரியாமல் மூன்றாவது சீலை எங்கிருந்து கொண்டுவந்து போட்டாலும் அது முன்னைய இரண்டின் வழியே போகும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் இந்த வேலை செய்கிறேன். தொழில் பழகிய காலம் பொருளாதாரத் தடைக் காலம். சீல் என்ற பொருளே கடையில் இராது. தோலை ஒயிலில் ஊறவைத்து, மர அச்சில் அழுத்திக் கிண்ணம்போல் ஆக்கிப் பூட்டுவார் எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர். அந்தத் தோல் சில மாதம் நின்று வேலை செய்தது. காரணம், அதைப் போடுமுன், சிலிண்டருக்குள் போய்வரும் தண்டைக் கண்ணாடிபோல் ஆக்காமல் அவர் விடமாட்டார். இன்று பத்து வகை சீல் கிடைக்கிறது, தண்டைத் தடவிப் பார்க்கத்தான் ஆளில்லை. உங்கள் சிலிண்டரை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

வேலைக்கு முன் ஒரு எச்சரிக்கை. இதைத் தாண்டிப் படித்துவிட வேண்டாம். 50 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சிறிய சிலிண்டரில் 150 பார் அழுத்தம் ஏறினால் அது தள்ளும் விசை ஏறக்குறைய 3 டன். அந்த அழுத்தத்தில் ஹோஸில் ஊசிமுனைத் துளை ஒன்று இருந்தால், அதிலிருந்து பாயும் ஒயில் கண்ணுக்குத் தெரியாது. கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். நான் வேலை செய்த ஓரிடத்தில் ஒரு பையன் ஒழுக்கு எங்கே என்று ஹோஸைக் கையால் தடவினான். சுட்டுவிரல் நுனியில் முள் குத்தியது போன்ற ஒரு புள்ளி, ஒரு துளி இரத்தம், வலியும் பெரிதாக இல்லை. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். இரவுக்குள் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. விரலைக் காப்பாற்ற முடியவில்லை. ஒயில் தோலுக்குள் போனால் அது சத்திரசிகிச்சைக்குரிய அவசரம், மணிக்கணக்குத்தான் அவகாசம். நேரே போதனா வைத்தியசாலைக்குப் போய், "அழுத்தத்தில் இருந்த ஹைட்ரோலிக் ஒயில் உள்ளே போய்விட்டது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். வெளியே பார்த்தால் சிறு காயம்தானே என்று எவரும் நினைத்துவிட இடம் கொடுக்காதீர்கள். ஒழுக்குத் தேடுவதற்குக் கடதாசி மட்டைத் துண்டு ஒன்று போதும். அதை நீட்டிப் பிடித்தால் ஈரம் படும் இடம் தெரியும். அதேபோல, தூக்கி நிற்கும் லோடரின் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். பக்கெட்டை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று முறை ஆட்டி, உள்ளே நிற்கும் அழுத்தத்தைப் போக்கிய பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். கழற்றிய சிலிண்டரின் பக்கத்து லோடர்க் கை இறங்கிவிடாதபடி மரக்குற்றியோ இரும்புத் தாங்கியோ வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி, ஒழுகுவது எங்கிருந்து என்பதை உறுதி செய்யுங்கள். இது சிறுபிள்ளை வேலை போலத் தோன்றும். ஆனால் சிலிண்டர் ஒழுகுகிறது என்று கொண்டுவரப்பட்டவற்றில் சில, மேலே இருந்த ஹோஸ் பொருத்தில் கசிந்து, சிலிண்டர் வழியே வடிந்து, அதன் வாயில் வந்து சொட்டியவை. சிலிண்டர் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவி, துணியால் துடைத்து, உலரவிட்டு, பக்கெட்டைச் சுமையில்லாமல் பத்துமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். தண்டு உள்ளே போய்வரும் வாயில் வளையமாக ஒயில் கட்டினால் அது தண்டுச் சீல். அந்த வாயை மூடியிருக்கும் தலைமூடி குழாயோடு சேரும் விளிம்பில் கசிந்தால் அங்கே இருக்கும் ஓ-ரிங் என்ற றப்பர் வளையம். குழாயின் வெல்டிங் கோட்டில் மயிரிழைபோல ஈரம் தெரிந்தால் அது வெடிப்பு. ஒயில் நின்ற சிலிண்டரின் மேல் அப்படியே வெல்டிங் வைக்க எவராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். உள்ளே ஆவி தீப்பற்றி ஆட்கள் செத்திருக்கிறார்கள். தண்டின் மேல் மெல்லிய ஒயில் படலம் இருப்பது நோய் கிடையாது, சீல் வழுக்கிப் போக அது தேவை. துளியாகத் திரண்டு விழுந்தால்தான் ஒழுக்கு. ஒரு வினாடிக்கு ஒரு துளி என்பது அற்பமாகத் தெரியும்; எட்டு மணிநேர வேலையில் அது ஏறக்குறைய ஒன்றரை லீற்றர்.

உங்கள் விடயத்தில் தண்டு வாயில்தான் ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, தண்டைப் பார்ப்போம். தண்டின் மேலே பளபளப்பது கடினக் குரோமியப் பூச்சு. அதன் தடிப்பு பொதுவாக 20, 25 மைக்ரோன் அளவுதான். தலைமயிரின் தடிப்பில் அரைவாசிகூட இல்லை. அந்தப் பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் இயல்பாகவே இருக்கும். ஒயில் படலம் மூடியிருக்கும் வரை அவற்றால் கேடில்லை. நமது ஊரில் நடப்பதைச் சொல்கிறேன். பெரும்போகத்துக்கு உழுது முடித்ததும் லோடருக்கு வேலை குறைகிறது. பக்கெட்டைத் தூக்கி, தண்டு நீண்டபடி, முற்றத்தில் நிறுத்திவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை அதன் மேல் பெய்கிறது. குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தொலைவில் இல்லை. உப்புக் காற்று வந்து படிகிறது. பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பகுதியில் வேலை செய்யும் இயந்திரங்கள் என்னிடம் வரும்போது தண்டின் வெளிப்பக்கத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் கடல் பார்த்து நின்றது என்று சொல்லலாம். உப்பு நீர் பூச்சின் வெடிப்புக்குள் இறங்கி அடியிலுள்ள உருக்கைத் துருவாக்குகிறது. துரு பருத்துக் குரோமியத்தை மேலே தள்ள, கடுகளவு கொப்புளம் உடைந்து குழியாகிறது. குழியின் விளிம்பு உளிபோலக் கூர். தண்டு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு, தண்டைத் தொட்டு நிற்கும் சீலின் உதட்டைச் சீவுகிறது. புதுச் சீல் மூன்று மாதம் தாங்கியது என்றால் சீல் நல்ல சீல் என்றுதான் எனக்குப் படுகிறது.

பார்க்கும் முறை எளிது. தண்டை முழுவதும் நீட்டி, அழுத்தத்தைப் போக்கி, ஒயிலைத் துடைத்துவிட்டு, வெயிலில் சாய்வாகப் பாருங்கள். பிறகு நகத்தை நீளவாக்கில் மெதுவாக இழுங்கள். நகம் எங்கே தடக்குகிறதோ அங்கே சீலும் தடக்கும். நகத்துக்குத் தெரியாதவற்றைப் பஞ்சு காட்டித்தரும். பஞ்சை ஒற்றித் தண்டைச் சுற்றி இழுத்தால் கூரான இடத்தில் இழை மாட்டி நிற்கும். மறக்காமல் தண்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலே கண்ணாடிபோல் இருந்த தண்டின் அடியில் கோதுமை மணி அளவு கல்லடிக் காயத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன். வலிகாமத்துச் செம்மண்ணுக்குள் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. பக்கெட் கிளப்பும் கல் முதலில் படுவது அங்கேதான்.

தடக்கும் இடம் ஒன்றிரண்டு, அதுவும் மேலோட்டமான கீறல் என்றால், 600 எண்ணுக்கு மேற்பட்ட நுண்மையான தண்ணீர்க் கடதாசியில் ஒயில் தொட்டு, தண்டைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். நீளவாக்கில் தேய்க்கவே கூடாது. நீளக்கோடு ஒவ்வொன்றும் ஒயில் வெளியேற வெட்டிய வாய்க்கால் ஆகிவிடும். கூர் போனால் போதும், குழி மறைய வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆழக் குழி என்றால் அதை உலோகப் பசையால் நிரப்பி மட்டம் செய்து ஓட்டியவர்கள் உண்டு. சில ஆண்டு நின்றதும் உண்டு, வாரத்தில் கழன்றதும் உண்டு. அதை நான் அவசரத்துக்கு மட்டுமே செய்வேன், உத்தரவாதம் தரமாட்டேன். குழிகள் கூட்டமாக, வெற்றிலையில் சுண்ணாம்புத் துளி தெறித்தது போல இருந்தால் அந்தத் தண்டு முடிந்தது. பூச்சை உரித்து மறுபடி குரோமியம் ஏற்றலாம், அல்லது ஆயத்தமாகக் குரோமியம் பூசி வரும் உருக்குத் தண்டை வாங்கி, லேத்தில் கடைந்து, பின் பூட்டும் பழைய கண்ணை வெட்டி வெல்டிங் செய்து புதுத் தண்டு ஆக்கலாம். உழவு இயந்திர அளவுக்கு இரண்டாவது வழிதான் பெரும்பாலும் விரைவு. வெல்டிங் நேராக வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அடுத்த சந்தேகம் அளவு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஆறு வாரத்தில் போன உங்கள் இரண்டாவது சீல். பழைய பிரித்தானிய வடிவமைப்பில் வந்த லோடர்கள் பல அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. ஒன்றேகால் அங்குலத் தண்டு என்பது 31.75 மில்லிமீற்றர். கடையில் இருப்பது 32 மில்லிமீற்றர் சீல். கையில் போட்டால் அழகாக உட்காரும். எவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தக் கால் மில்லிமீற்றர் அளவுக்கு உதடு தண்டை இறுக்கிப் பிடிப்பது குறைந்துவிடுகிறது. முதல் வாரம் நன்றாக இருக்கும், பிறகு சொட்டும். ஒரு முறை ஒரு கமக்காரர் மூன்று இடத்தில் மாற்றிய சிலிண்டரைக் கொண்டுவந்தார். தண்டில் ஒரு கீறல் இல்லை, தண்டைத் தாங்கும் புஷ்ஷில் ஆட்டம் இல்லை. வேர்னியர் அளவுகோலை வைத்தபோது 31.74 காட்டியது. மூன்று சீலும் 32. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அங்குலக் கணக்கில் செய்த சீலைத் தேடி எடுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு அவர் அந்தச் சிலிண்டருக்காக என்னிடம் வரவில்லை. ஆகவே பழைய சீலைக் காட்டி "இதேபோல் ஒன்று தாருங்கள்" என்று கேட்காதீர்கள். பழைய சீல் ஒயிலில் ஊதியிருக்கும், தேய்ந்திருக்கும், அல்லது முன்னவர் போட்ட பிழையான சீலாகவே இருக்கும். தண்டின் விட்டம், சீல் உட்காரும் பள்ளத்தின் விட்டம், பள்ளத்தின் அகலம் ஆகிய மூன்றையும் வேர்னியரில் அளந்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டான்லி வீதிக் கடையில் இல்லையென்றால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். இரண்டு நாள் பிந்தினாலும் அதுவே மலிவு. நாடு, பெயர் எல்லாம் அதற்குப் பிறகு. பொலியூரிதேன் சீல் தேய்வை நன்றாகத் தாங்கும். நைத்திரைல் றப்பர் மென்மையாக மூடும். நமது வேலைக்கு, அளவு சரியாக இருந்தால், இரண்டும் போதும்.

தண்டும் அளவும் சரியென்றால், தலைமூடிக்குள் இருக்கும் புஷ்ஷைப் பாருங்கள். தண்டைத் தாங்கி நேராக ஓடவிடுவது அதுதான். தண்டை நீட்டிக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் சீல் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறக்கிறது என்று பொருள். சீலின் உள்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி. ஆகவே கழற்றிய பழைய சீலை வீசாமல் வைத்துப் பாருங்கள். முன்பு மாற்றியவர்களிடம் கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. புஷ் தேய்வதற்கும் காரணம் தேட வேண்டும். தண்டு வளைந்திருக்கலாம்: கழற்றிய தண்டை இரண்டு வீ-கட்டையில் உருட்டி நடுவில் டயல் கேஜ் வைத்தால் தெரியும். ஒரு மீற்றர் நீளத்துக்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் வளைவு ஆகாது என்பது பட்டறைகளில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. அல்லது லோடர்க் கைகளையும் சிலிண்டரையும் இணைக்கும் பின்களும் அவற்றின் புஷ்களும் கிறீஸ் காணாமல் தேய்ந்து, கை ஒரு பக்கம் சாய்ந்து, தண்டைக் குறுக்காக இழுக்கலாம்.

இங்கே ஓர் ஊகம், ஊகமென்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிலிண்டரில் வலது மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது என்கிறீர்கள். பக்கெட்டின் வலது மூலையால் எதையாவது கிளப்பும் பழக்கம் உண்டா? பனங்குற்றியைப் பக்கெட்டின் ஒரு மூலையால் நெம்பிக் கிளப்புவது நமது பக்கத்தில் வழக்கம். பனையின் வேர் விடாது. ஒரு பக்கத்துச் சிலிண்டரே முழுப் பாரத்தையும் சுமக்க, லோடரின் சட்டம் முறுகி, வெளியே எதுவும் தெரியாமல் கை இரண்டும் சமன் இழக்கின்றன. பக்கெட்டை மட்டமான சீமெந்துத் தரையில் மெதுவாக இறக்கிப் பாருங்கள். இரண்டு மூலையும் ஒரே கணத்தில் தொட வேண்டும். ஒன்று முந்தினால் சட்டத்தைப் பார்க்காமல் சிலிண்டரை மட்டும் திருத்துவது வீண்.

பக்கெட் தானாக இறங்குவதற்கு வருகிறேன். தண்டின் உள்முனையில் இருக்கும் பிஸ்டனின் சீல் போய்விட்டது என்றுதான் எல்லாரும் உடனே சொல்வார்கள். பாதி உண்மை. சிலிண்டரின் இரண்டு ஒயில் வாயையும் லீவர் இயக்கும் வால்வு முற்றாக அடைத்திருந்தால், பிஸ்டன் சீல் முழுதாகப் போயிருந்தாலும்கூடத் தூக்கும் சிலிண்டர் இறங்க முடியாது. பாரம் தண்டை உள்ளே தள்ளுகிறது, தண்டு உள்ளே வர வேண்டுமானால் அதன் பருமனுக்கு இடம் வேண்டும், ஒயில் நசுங்காது, வெளியே போகவும் வழியில்லை. ஆகவே இறங்கினால் ஒயில் எங்கோ வெளியேறுகிறது என்பது உறுதி. வால்வின் உள்ளே ஒயிலின் வழியைத் திருப்பும் ஸ்பூல் தேய்ந்து, அதன் வழியாகத் தொட்டிக்குப் போகலாம், அல்லது உங்கள் தண்டுச் சீல் வழியாக நிலத்துக்குப் போகலாம். இரண்டாவது வழி நடக்க வேண்டுமானால் பிஸ்டன் சீலும் விட்டிருக்க வேண்டும். பிஸ்டன் சீல் நன்றாக இருந்தால், பாரம் தாங்கி நிற்கும்போது தண்டுப் பக்கத்தில் அழுத்தமே இராது.

இதைக் கணக்கால் பிடிக்கலாம். 50 மில்லிமீற்றர் சிலிண்டர், 30 மில்லிமீற்றர் தண்டு என்று வைப்போம். தண்டின் குறுக்குப்பரப்பு ஏறக்குறைய 7 சதுர சென்ரிமீற்றர். இரவோடிரவாகத் தண்டு 10 சென்ரிமீற்றர் உள்ளே போயிருந்தால், இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து 140 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் குவளை ஒயில் வெளியே வந்திருக்க வேண்டும். சிலிண்டரின் வாயின் கீழே ஒரு தட்டை வைத்துவிட்டுப் படுங்கள். தட்டில் ஒரு குவளை நின்றால் பிஸ்டன் சீலும் தண்டுச் சீலும் சேர்ந்தே போயிருக்கின்றன. நாலைந்து துளிதான் நின்றால் உங்கள் ஒயில் வால்வு வழியே போகிறது. சிலிண்டரில் எத்தனை சீல் மாற்றினாலும் பக்கெட் இறங்கும். உங்கள் சிலிண்டரின் அளவுகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். சூடான ஒயில் ஆறும்போது சுருங்கி ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்குவது இயல்பு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. பிஸ்டன் சீல் விட்டால் பாரம் முழுவதையும் தண்டின் பரப்பு மட்டுமே தாங்க வேண்டும். மேற்சொன்ன அளவில் அழுத்தம் இரண்டே முக்கால் மடங்காக ஏறும். அவ்வளவு அழுத்தத்துக்கு உங்கள் தண்டுச் சீல் இரவு முழுவதும் ஆளாகிறது. தண்டு குற்றமற்றதாக இருந்து, அளவும் சரியாக இருந்து, சீல் மட்டும் அடிக்கடி போனால் இதையும் எண்ணிப் பாருங்கள். சிலிண்டரைக் கழற்றிய பிறகு கராஜ் மேசையில், தண்டை முழுவதும் உள்ளே தள்ளி, தண்டுப் பக்க வாயில் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, அடிப்பக்க வாயைத் திறந்துவைத்துப் பார்த்தால் பிஸ்டன் சீலின் நிலை ஐயமில்லாமல் தெரிந்துவிடும்.

கழற்றும்போது செய்யும் பிழைகளே பல சிலிண்டர்களைக் கொல்கின்றன. தலைமூடி எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பார்க்காமல் சுத்தியலை எடுக்க வேண்டாம். சிலவற்றில் திருகாணி மரை. அதற்குரிய கொக்கி ஸ்பானர் வேண்டும், உளி வைத்து அடித்தால் விளிம்பு பிளந்துவிடும். சிலவற்றில் உள்ளே வளையப் பூட்டு. மூடியை முதலில் உள்ளே தட்டி, வளையத்தை வெளியே எடுத்து, பிறகே மூடியை இழுக்க வேண்டும். சிலவற்றில் கம்பி ஒன்று பள்ளத்துக்குள் சுற்றியிருக்கும். மூடியைச் சுழற்றினால் துளை வழியே வெளிவரும். வராத பிஸ்டனை வெளியேற்றக் காற்று அமுக்கியைப் பிடிப்பது மிக ஆபத்தானது. அது பீரங்கிக் குண்டாகப் பாயும். குரோமியத்தின் மேல் குழாய் ரென்ச் போட்டுப் பிடிப்பவரிடம் உங்கள் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். பிடிப்பதானால் கண் பகுதியில் பிடிக்க வேண்டும். கழற்றியதும் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நீளக் கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டால், ஹோன் செய்து, அதாவது உட்சுவரைத் தேய்த்து மட்டமாக்கிப் பார்க்கலாம். ஆழமென்றால் ஹோன் தீர்க்காது, புதுப் பிஸ்டன் சீலும் நிற்காது.

பூட்டும்போது சுத்தம் முக்கியம். முற்றத்துச் செம்மண் காற்றில் பறந்துகொண்டிருக்க, சாக்கை விரித்து அதன் மேல் பூட்டிய சிலிண்டர் நீண்டநாள் வாழாது. சீலைச் சுடுநீரில் சிறிது நேரம் விட்டால் இளகும். துடைத்து, ஒயில் தடவி, அவரை விதைபோல மடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, விரலால் விரித்துவிடுங்கள். திருகுமுனை போன்ற எதுவும் உதட்டைத் தொடக் கூடாது. உதடு ஒயில் இருக்கும் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு வெளியே இருக்கும் வைப்பர் தூசியைத் தடுப்பது, அது வெளியே பார்க்க வேண்டும். மாறிப் போட்ட சீலை நானே திருத்தியிருக்கிறேன், ஆகவே சிரிக்காமல் ஒருமுறை பாருங்கள். வைப்பரை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவதும் வீண் சிக்கனம். தூசி உள்ளே வருவது அந்தக் கிழிந்த வைப்பர் வழியாகத்தான். தண்டின் மரையைக் கடந்து சீல் போகும்போது மரைக்கு மேல் டேப் சுற்றுங்கள். பிஸ்டனைக் குழாய்க்குள் விடும்போது ஒயில் வாய்த் துளையின் விளிம்பு பிஸ்டன் சீலைச் சீவாமல் மெதுவாகத் தள்ளுங்கள். பிஸ்டன் நட்டுப் பழசானால் புதிதாகப் போடுங்கள்.

பூட்டி முடிந்ததும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சுமையில்லாமல், ஆறு ஏழு முறை முழு நீளத்துக்கு ஏற்றி இறக்குங்கள். உள்ளே காற்று நிற்கும்போது திடீரென அழுத்தினால் காற்றும் ஒயில் ஆவியும் டீசல் எஞ்சினுக்குள் போலவே தீப்பிடித்துப் புதுச் சீலைக் கருக்கிவிடும். பூட்டிய அன்றே போன சீலைக் கழற்றி உதட்டில் கரி கண்டிருக்கிறேன். ஆட்டமின்றி வழுக்கி ஓடத் தொடங்கிய பிறகு, தண்டுகளை உள்ளே இழுத்து நிறுத்தி, ஒயில் மட்டம் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுவதும் மாற்றி, பில்டரையும் மாற்றுங்கள். இயந்திரத்தின் கைநூல் சொல்லும் ஒயிலையே ஊற்றுங்கள். சில உழவு இயந்திரங்களில் கியரும் ஹைட்ரோலிக்கும் ஒரே ஒயிலைப் பகிர்கின்றன. அங்கே கடைக்காரர் தந்ததை ஊற்றினால் சேதம் சிலிண்டரோடு நிற்காது.

புதுச் சிலிண்டரா என்ற கேள்விக்கு என் விடை இதுதான். குழாய் நல்லது, தண்டு நல்லது என்றால் சரியான அளவுச் சீல் தொகுதி போதும். தண்டு மட்டும் போயிருந்தால் புதுத் தண்டு கடைவதே இலாபம். குழாயும் தண்டும் சேர்ந்து போயிருந்தால் திருத்தாதீர்கள், வாங்குங்கள். வாங்கும்போது மற்றச் சிலிண்டரின் உள்விட்டம், தண்டு விட்டம், ஓட்ட நீளம், ஒரு பின்னிலிருந்து மறு பின் வரையுள்ள நீளம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். உள்விட்டம் மாறினால் இரண்டு கையும் இரண்டு விதமாகத் தள்ளிச் சட்டத்தை முறுக்கும். லேத்காரர் தண்டைத் தரும்போது பணம் கொடுக்குமுன் அங்கேயே உருட்டிப் பாருங்கள், நகத்தை இழுத்துப் பாருங்கள், வேர்னியர் வையுங்கள். நல்ல தொழிலாளி அதற்குக் கோபிக்கமாட்டார்.

கழற்றும்போது வடியும் ஒயிலைப் பற்றி இரண்டு வரி. நமது நிலத்தடியில் இருப்பது பொந்தும் பிளவுமான சுண்ணாம்புக்கல். மேலே கொட்டியது கிணற்றுக்கு இறங்க அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது அந்த மக்கள் தண்ணீருக்குப் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். ஒரு வாளியும் ஒரு பழைய தட்டும் வைத்தே கழற்றுங்கள். பழைய ஒயிலைக் கலனில் அடைத்து, சேர்ப்பவர்களிடம் கொடுங்கள். வேலியோரம் ஊற்ற வேண்டாம். தட்டில் வைத்த அந்த இரவுக் கணக்கையும், தண்டை வெயிலில் சாய்வாகப் பிடித்து எடுத்த ஒரு படத்தையும், வேர்னியர் காட்டும் எண்ணையும் எழுதினால், மேலே ஊகமென்று சொன்னவற்றில் பாதியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை இயந்திரத்தை நிறுத்தும்போது பக்கெட்டை நிலத்தில் விட்டு, தண்டுகளை முடிந்த மட்டும் உள்ளே இழுத்து, வெளியே தெரியும் பகுதிக்கு மெல்லக் கிறீஸ் பூசி நிறுத்துங்கள். மறுநாள் வேலை தொடங்குமுன் அந்தக் கிறீஸைத் தூசியோடு துடைத்துவிடுங்கள்.